நொய்யல் நடத்திய சவ்வூடு பரவல் பாடம்



இது கொஞ்சம் நீளமான பதிவு. அவசரமாகப் படிக்காமல், வேலை முடிந்து உட்காரும்போது படியுங்கள்.

வீட்டு ஆர்.ஓ. மிஷின் பற்றி நான் முன்பு எழுதிய நாலு வரிக்கு இரண்டு பதில்கள் வந்திருந்தன. ஒன்று, திருப்பூரில் சாயப்பட்டறையில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் எழுதியது. "டீச்சர், எட்டாங்கிளாஸ்ல நீங்க சொன்ன சவ்வூடு பரவலைத் தலைகீழா ஓட்டித்தான் எங்க பொழப்பே நடக்குதுங்க" என்றார். அடுத்தது, சென்னிமலைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் பெரியம்மா மகன் எழுதியது. "அந்தத் தண்ணியாலதான் அக்கா எங்க தென்னை போச்சு" என்றான்.

இருவரும் நம்ம ஆட்கள். இருவர் சொன்னதும் உண்மை. ஒரே பாடம் ஒருவருக்குச் சோறு போட்டது, இன்னொருவருக்குத் தோப்பைக் காய வைத்தது. இது எப்படி நடந்தது என்று முழுசாக எழுதினால் என்ன என்று தோன்றியது. எழுதிவிட்டேன்.

*முதலில் பாடம்*

அசையாத ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு சொட்டு நீல மை விடுங்கள். கலக்க வேண்டாம். கொஞ்ச நேரத்தில் டம்ளர் முழுக்க நீலம் பரவிவிடும். மூலக்கூறுகள் எப்போதும் நாலா பக்கமும் ஓடிக்கொண்டே இருப்பதால், நெருக்கமாக இருக்கும் இடத்திலிருந்து விலகலாக இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்கின்றன. இதற்கு விரவல் என்று பெயர்.

இப்போது நடுவில் ஒரு சவ்வை வையுங்கள். தண்ணீரை மட்டும் விடும், உப்பை விடாது. ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறு பக்கம் உப்புத் தண்ணீர். நல்ல தண்ணீர்ப் பக்கம் சவ்வை வந்து முட்டுவதெல்லாம் தண்ணீர் மூலக்கூறு. உப்புப் பக்கம் முட்டுவதில் சிலது உப்பு. அதனால் தாண்ட முடியாது. ஆகவே இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும் தண்ணீர் அதிகம், திரும்பி வருவது குறைவு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் தண்ணீர் உப்பை நோக்கிப் போகிறது. இதுதான் சவ்வூடு பரவல்.

இதை நம் வீட்டுப் பெண்கள் புத்தகம் படிக்காமலே தெரிந்து வைத்திருந்தார்கள். மாங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். நாம் ஒரு சொட்டுக்கூட ஊற்றவில்லை. மாங்காயின் செல்களில் இருந்த தண்ணீர், வெளியே இருந்த உப்பைத் தேடி வந்துவிட்டது. உலர்ந்த திராட்சையைத் தண்ணீரில் போட்டால் இதற்கு நேர்மாறு: சர்க்கரை உள்ளே, தண்ணீர் வெளியே, திராட்சை உப்பிவிடும்.

அறிவியலில் இதை முதலில் எழுதி வைத்தவர் பிரான்ஸ் நாட்டின் பாதிரியார் நோலே. 1748-இல் ஒரு பாத்திரத்தில் மதுசாரத்தை நிரப்பி, வாயைப் பன்றியின் சிறுநீர்ப்பையால் இறுகக் கட்டித் தண்ணீருக்குள் வைத்தார். தண்ணீர் உள்ளே புகுந்து தோல் பலூன் மாதிரி புடைத்தது. அடுத்த நூற்றாண்டில் துத்ரோஷே அதற்குப் பெயர் வைத்தார். 1855-இல் அடால்ஃப் ஃபிக் விரவலுக்குக் கணக்கு எழுதினார். தாமஸ் கிரஹாம் சவ்வைக் கொண்டு கரைசல்களிலிருந்து சிறு மூலக்கூறுகளைப் பிரித்து, 1861-இல் அதற்கு 'டயாலிசிஸ்' என்று பெயரிட்டார். இன்று சிறுநீரகம் பழுதானவர்களை உயிரோடு வைத்திருக்கும் அதே டயாலிசிஸ்தான்.

ஃபெஃபர் என்ற தாவரவியல் அறிஞர் 1877-இல் இதை அளந்தே காட்டினார். நுண்துளை உள்ள மண்பாண்டத்தின் சுவருக்குள் செம்பு ஃபெர்ரோசயனைடு படியவிட்டு ஒரு சவ்வு செய்தார். அதில் வெறும் 1 சதவீதச் சர்க்கரைக் கரைசலை வைத்தபோதே, சுமார் 7 மீட்டர் உயரத்துக்குத் தண்ணீரைத் தூக்கி நிறுத்தும் அளவு அழுத்தம் வந்தது. கடல் தண்ணீருக்கு இந்த அழுத்தம் 25 வளிமண்டலத்துக்கும் மேல். தஞ்சைப் பெரிய கோயில் விமானம் ஏறக்குறைய 66 மீட்டர். அதுபோல நாலு விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய உயரத்துக்குத் தண்ணீரை நிறுத்தும் பலம் அது! ஃபெஃபரின் அளவுகளை வைத்துக் கணக்கு எழுதிய வான்ட் ஹாஃப்புக்குத்தான் 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு கிடைத்தது.

பாடத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் உப்போடு சேர்வதற்கு யாரும் காசு கொடுக்க வேண்டாம், தானாகச் சேரும். சேர்ந்ததைப் பிரிக்க அந்த அழுத்தத்தை நாம் கொடுக்க வேண்டும். அழுத்தம் என்றால் பம்பு. பம்பு என்றால் கரண்ட். கரண்ட் என்றால் பணம். நொய்யலின் கதை முழுக்க, அந்தப் பணத்தை யார் கொடுத்தார்கள் என்ற கதைதான்.

*துணிக்குள் சாயம் போகும் வழி*

திருப்பூர் முதலில் வெள்ளை பனியன் ஊர். 1980-களில் வெளிநாட்டு ஏற்றுமதி வேகம் பிடித்தபோது கலர் கலராகத் துணி கேட்டார்கள். சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் நொய்யல் கரையிலும் ஓடைக் கரைகளிலும் பெருகின.

பருத்திக்குச் சாயம் ஏற்றுவதும் விரவல்தான். தண்ணீரில் கரைந்த சாயம் நூலின் மேல் வந்து ஒட்டி, நூலிழைக்குள் மெல்ல மெல்லப் பரவி, அங்கேயே பிணைந்துகொள்ள வேண்டும். ஒரு சிக்கல் உண்டு. தண்ணீரில் நனைந்த பருத்தி லேசான எதிர் மின்னேற்றம் பெறுகிறது. ரியாக்டிவ் சாயத்தின் மூலக்கூறும் எதிர் மின்னேற்றம் உடையது. இரண்டும் ஒன்றை ஒன்று தள்ளும். அந்தத் தள்ளுமுள்ளை அடக்கத்தான் உப்பு. சாதா உப்பு அல்லது சோடியம் சல்பேட் எனும் கிளாபர் உப்பு. உப்பு போட்டால்தான் சாயம் தண்ணீரை விட்டுத் துணிக்கு வரும்.

எவ்வளவு உப்பு? அடர்ந்த கலருக்கு லிட்டருக்கு 60 கிராம், அதற்கு மேலும் போடுவார்கள். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வையுங்கள். பெருக்கிப் பாருங்கள்: 480 கிராம். ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு!

அந்த உப்பில் எதுவும் துணியில் தங்குவதில்லை. சாயத்தைத் துணியில் சேர்த்துவிட்டு, அலசும் தண்ணீரோடு முழுசாக வெளியே வந்துவிடும். நாம் போடும் சிவப்புச் சட்டையில் உப்பு இல்லை. அது ஆற்றில் இருந்தது.

*தண்ணீர் இருந்தும் காய்ந்த தோப்பு*

நொய்யல் வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. திருப்பூருக்குக் கீழே, சென்னிமலைக்கு அருகில் ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை பயன்பாட்டுக்கு வந்தது. ஈரோடு, கரூர் பக்கத்து நிலங்களுக்குப் பாசனம் கொடுக்கக் கட்டிய அணை. ஆனால் மழைக்காலம் தவிர மற்ற நாட்களில் ஆற்றில் வந்தது பெரும்பாலும் சாயத் தண்ணீர். அணை சாயக்கழிவைத் தேக்கும் தொட்டியாகிவிட்டது.

அணைக்குக் கீழே இருப்பவர்கள் "தண்ணி திறந்து விடுங்க" என்று கேட்பதுதான் உலக வழக்கம். இங்கே "திறக்காதீங்க" என்று கேட்டார்கள். மேலே இருப்பவர்கள் "தேக்காதீங்க" என்றார்கள். தேக்கியதால் உப்பு நிலத்துக்குள் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளெல்லாம் உவர்த்துப் போயின.

தென்னைக்கு என்ன ஆகிறது என்று இப்போது பாருங்கள். வேரின் செல்லுக்குள் உப்பும் சர்க்கரையும் ஓரளவு கரைந்திருக்கும். வெளியே மண்ணில் இருக்கும் தண்ணீர் அதைவிட நல்ல தண்ணீராக இருந்தால், தண்ணீர் தானாக வேருக்குள் போகும். மண்ணின் தண்ணீரில் உப்பு ஏற ஏற, உள்ளே போகும் வேகம் குறையும். உப்பு வெளியே மிஞ்சிவிட்டால், ஊறுகாய் ஜாடிக்குள் மாங்காய்க்கு நடந்ததுதான் வேருக்கும் நடக்கும்.

அதனால் பாத்தி நிறையத் தண்ணீர் நிற்கும், மரம் வறட்சியில் சாகும். கண்ணுக்கு ஈரம் தெரியும், செடிக்கு அது பாலைவனம். இதற்கு அறிவியலில் உடலியல் வறட்சி என்று பெயர். விவசாயி "இன்னும் கொஞ்சம் பாய்ச்சுவோம்" என்று அதே தண்ணீரை மேலும் விட்டால், வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேலும் மேலும் மண்ணில் தங்கும். சோடியம் அதிகமான களிமண் இறுகித் தண்ணீரையே உள்ளே விடாமல் போய்விடும்.

என் பெரியம்மா வீட்டில் மஞ்சள் முதலில் போனது, பிறகு வாழை, கடைசியாகத் தென்னை. உப்பைத் தாங்குவதில் இவை ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவு உண்டு. தென்னை கடற்கரையிலேயே வளரும் மரம். அதுவே கருகியது என்றால் கிணற்றுத் தண்ணீர் எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நம் உடுமலைக்காரர்கள் "அது நொய்யல் சங்கதி" என்று விட்டுவிடவும் முடியாது. நம் அமராவதியும் தாராபுரம் தாண்டிக் கரூர் போய்த்தான் காவிரியைத் தொடுகிறது. கரூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு அந்தக் கடைசித் துண்டில் இதே வேலையைச் செய்தது.

*தெளிந்த தண்ணீரும் நல்ல தண்ணீரும்*

"ஆத்துல விட்டா கலந்து போயிடும், மழை வந்தா அடிச்சுட்டுப் போயிடும்" என்று அந்தக் காலத்தில் பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விரவலை நம்பிச் சொன்ன பேச்சு அது. ஆறு பெரிதாக, உப்பு சிறிதாக இருந்தால் ஓரளவு சரி. நொய்யலோ வருடத்தில் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் ஆறு. நாளொன்றுக்கு எட்டு ஒன்பது கோடி லிட்டர் கழிவு வந்தது. கரைவதற்கு ஆற்றில் தண்ணீரே இல்லாதபோது எதில் கரையும்?

1996-இல் வேலூர் மாவட்டத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் முக்கியமான ஒரு தீர்ப்பைச் சொன்னது. மாசுபடுத்துபவரே அதற்கான விலையைக் கொடுக்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. பாலாற்றுக்கு வந்த தீர்ப்பின் வழி நொய்யலுக்கும் வந்தது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகளும் சங்கம் வைத்து நீதிமன்றம் போனார்கள். சூழல் இழப்பீட்டுக்கான ஆணையம் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்ட விவசாயிகள் பாதிக்கப்பட்டதாகக் கணக்கெடுத்தது.

சாயப்பட்டறைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. 1990-களின் பிற்பகுதியிலேயே பல பட்டறைகள் சேர்ந்து பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. கடன் வாங்கித்தான் கட்டினார்கள். சுண்ணாம்பும் ஃபெர்ரஸ் சல்பேட்டும் போட்டுச் சாயத்தைத் திரியவைத்து அடியில் படியவைத்தார்கள். கரிமக் கழிவைப் பாக்டீரியா தின்றது. தண்ணீர் தெளிந்தது. வந்து பார்த்தவர்கள் கண்ணாடி டம்ளரில் பிடித்துக் காட்டிப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் உப்பு அப்படியே இருந்தது! சோடியமும் குளோரைடும் தண்ணீரில் முழுக்கக் கரைந்த அயனிகள். அவை படியாது, எந்தப் பாக்டீரியாவும் அவற்றைத் தின்னாது, மணல் வடிகட்டியில் நிற்காது. கரைந்த மொத்த உப்புகள், அதாவது டி.டி.எஸ்., லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரிய விதி. வெளியேறிய தெளிந்த தண்ணீரில் அதைப் போல இரண்டு மடங்கு, மூன்று மடங்கு உப்பு இருந்தது. நிறம் போனதால் குற்றம் கண்ணுக்குத் தெரியாமல் போனதே தவிர, வேருக்கு எந்த வித்தியாசமும் இல்லை.

தெளிந்த தண்ணீர் வேறு, நல்ல தண்ணீர் வேறு. இதை உங்கள் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லிக்கொடுங்கள். ஒரு டம்ளர் தண்ணீரில் ஒரு ஸ்பூன் உப்பைக் கரைத்துக் காட்டினாலே போதும்.

*சவ்வுக்கு ஒரு முன்பக்கம் உண்டு*

கரைந்த உப்பைப் பிரிக்க ஒரு வழி, ஓட்டத்தைத் திருப்புவது. உப்புப் பக்கம் அதன் சவ்வூடு பரவல் அழுத்தத்தைவிட அதிக அழுத்தம் கொடுத்தால், தண்ணீர் மனமில்லாமல் நல்ல தண்ணீர்ப் பக்கம் வரும். எதிர் சவ்வூடு பரவல். ஆர்.ஓ. என்று நீங்கள் சொல்வது இதுதான்.

யோசனை எளிது. சவ்வுதான் அகப்படவில்லை. 1950-களில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ரீட் என்பவர் செல்லுலோஸ் அசிட்டேட் தாள் உப்பைத் தடுக்கும் என்று கண்டார். ஆனால் அதில் தண்ணீர் மிக மிக மெதுவாகத்தான் வந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப், ஸ்ரீனிவாச சௌரிராஜன் என்ற இருவர் இதில் இறங்கினார்கள். பெயரைப் பார்த்தீர்களா? ஆமாம், சௌரிராஜன் இந்தியாவில் பிறந்தவர். கடையில் கிடைத்த தாளைச் சுடுதண்ணீரில் பதப்படுத்திச் சோதித்தார்கள். சில நேரம் நன்றாக வேலை செய்தது, சில நேரம் உப்பை விட்டுவிட்டது. ஒரே தாள், ஒரே வெப்பம், விடை மட்டும் மாறி மாறி வந்தது. கடைசியில் காரணம் பிடிபட்டது. தாளுக்கு இரண்டு முகங்கள் ஒன்றல்ல. ஒரு முகத்தில் மட்டும் நெருக்கமான மெல்லிய தோல். கீழே பஞ்சு போன்ற துளைகள். தோல் இருக்கும் முகம் உப்புத் தண்ணீரைப் பார்த்து இருந்தால்தான் வேலை நடக்கும்.

அதைப் புரிந்துகொண்டு, அப்படிப்பட்ட சவ்வைத் தாங்களே வார்த்தார்கள். தோல் மெலிந்தால் தண்ணீர் வேகமாக வரும். கீழே உள்ள பஞ்சு அழுத்தத்தைத் தாங்கிக்கொள்ளும். 1960 வாக்கில் வந்த இந்தச் சவ்வுதான் உலகின் எல்லா ஆர்.ஓ. நிலையங்களுக்கும் மூதாதை. 1965-இல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா என்ற சிற்றூர் இதைக் கொண்டு ஊருக்கே குடிநீர் கொடுத்தது. சௌரிராஜன் பின்பு கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்தில் நெடுங்காலம் இதே துறையில் பணிபுரிந்தார்.

எனக்கு வியப்பாக இருக்கும் சங்கதி ஒன்று: செல்லுலோஸ் அசிட்டேட் செய்வது மரக்கூழிலிருந்தும் பருத்திக்கொட்டைமேல் ஒட்டியிருக்கும் குட்டை இழையிலிருந்தும். சாயம் ஏற்ற உப்புக் கேட்டது பருத்தி. அந்த உப்பைப் பிரிக்க முதலில் உதவியதும் பருத்தியின் உறவுக்காரன்தான். இப்போது பாலிஅமைடு சவ்வுகள் வந்துவிட்டன.

*லிட்டருக்கு ஆறு பைசா*

2006 டிசம்பர் 22-ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2007 ஜூலை 31-க்குள் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலையை எட்ட வேண்டும். அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி, தாமதிக்கத் தாமதிக்க 10 பைசா வரை அபராதம்.

ஆறு பைசா என்ன பெரிய காசு என்று நினைக்காதீர்கள். நாளைக்கு 8 கோடி லிட்டர் என்று வைத்துப் பெருக்குங்கள்: 48 லட்சம் ரூபாய். ஒரு நாளைக்கு! அதுவரை தென்னந்தோப்புக்காரர் மௌனமாகக் கட்டிவந்த கட்டணத்துக்கு முதல்முறையாக லிட்டர் கணக்கில் விலை எழுதி, அதைச் சாயப்பட்டறையின் பேரில் வைத்தார்கள் என்றுதான் நான் இந்தத் தீர்ப்பைப் படிக்கிறேன்.

பட்டறைக்காரர்கள் மேல்முறையீடு போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பை உறுதி செய்து மூன்று மாத அவகாசம் கொடுத்தது. அவகாசம் முடிந்தும் ஆற்றில் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-இல் உயர் நீதிமன்றம் எல்லாச் சாயப்பட்டறைகளையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளில் மின்சாரம் துண்டிக்கப்பட்டது.

ஏன் இவ்வளவு இழுத்தது? எல்லோரும் கெட்ட எண்ணக்காரர்கள் என்று சொன்னால் கதை சுலபமாக முடிந்துவிடும், ஆனால் அது நியாயமல்ல. இதிலும் சவ்வூடு பரவல் இருக்கிறது. லிட்டருக்கு 6 கிராம் உப்புள்ள கழிவைப் பிரிக்க நாலைந்து வளிமண்டல அழுத்தத்தைத் தாண்டினால் போதும். பத்தில் ஒன்பது பங்கு தண்ணீரை வெளியே எடுத்துவிட்டீர்கள் என்று வையுங்கள். மொத்த உப்பும் மிச்சமுள்ள ஒரு பங்கில் நிற்கும்: லிட்டருக்கு 60 கிராம், கடலைவிட உப்பு. இப்போது நாற்பது வளிமண்டலத்துக்கு மேல் வேண்டும். முதல் பாதித் தண்ணீரை எடுப்பது எளிது. கடைசிக் கொஞ்சம்தான் உயிரை வாங்கும்.

அந்த 'ரிஜெக்ட்' தண்ணீரைச் சவ்வு தொட முடியாது. எவாப்பரேட்டரில் ஆவியாக்கத்தான் வேண்டும். அதற்குக் கொதிகலன், விறகு, கரண்ட். போதாததற்குச் சாயமும் அழுக்கும் சவ்வில் படிந்து அடைத்துக்கொள்ளும். பல நிலையங்களில் ஆர்.ஓ. ஓடியது, எவாப்பரேட்டர் ஓடவில்லை. அங்கேதான் எல்லாம் நின்றது.

மூடிய அந்த மாதங்களை நான் மறக்கவில்லை. திருப்பூரில் வேலை பார்த்த பிள்ளைகள் பலர் மூட்டை முடிச்சோடு ஊர் திரும்பினார்கள். நம் உடுமலை பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், "வேலை இல்லீங்க டீச்சர், துணி சாயத்துக்கு வேற ஊருக்குப் போயிருச்சு" என்பார்கள். ஈரோடு, சேலம் என்று வெவ்வேறு பக்கம் துணியை அனுப்பினார்கள். தையல், செக்கிங், அயர்னிங் என்று சாயத்தை நம்பியிருந்த எல்லா வேலையும் தடுமாறியது. தோட்டத்துக்காரர் பல வருடம் பட்ட பாட்டை, தொழிலாளி சில மாதங்களில் பட்டார். இரண்டு பேருமே உப்பை ஆற்றில் கொட்டச் சொன்னவர்கள் அல்லர்.

*திருப்பி எடுத்த உப்பு*

அதன்பின் நடந்தது திருப்பூர் பெருமைப்படலாம் என்ற கதை. மாநில அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் திருத்தி, சோதித்து, அனுமதி பெற்றுத் திறந்தன. இப்போது பதினெட்டுப் பொது நிலையங்களும், சொந்த நிலையம் வைத்திருக்கும் பட்டறைகளும் கழிவைத் திருப்பி எடுக்கின்றன.

அருள்புரம் நிலையத்தில் ஒரு நல்ல யோசனை செயலுக்கு வந்தது. ரிஜெக்ட் தண்ணீரில் இருப்பது என்ன? சாயம் ஏற்றப் போட்ட அதே உப்பு. அதை முழுக்க ஆவியாக்கிக் கட்டியாக்குவானேன்? நிறத்தையும் கடினத்தன்மையையும் மட்டும் நீக்கி, உப்புக் கரைசலாகவே மறுபடி சாயத் தொட்டிக்குக் கொடுத்தால் என்ன? கொடுத்தார்கள். உப்பு வாங்கும் செலவும் மிச்சம், ஆவியாக்கும் விறகும் மிச்சம். தண்ணீரும் திரும்பி வருகிறது. நிலத்தடி நீரையும் லாரித் தண்ணீரையும் நம்பிப் பிழைத்த ஊர் அது. 2005-இல்தான் பவானி அருகே காவிரியிலிருந்து குழாயில் தண்ணீர் வந்தது. அந்த ஊருக்கு ஒரே தண்ணீரைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனாலும் கதை முடியவில்லை. எவாப்பரேட்டரின் கடைசியில் வரும் கலப்பு உப்பு எதற்கும் ஆகாது. மூட்டை கட்டிக் கிடங்கில்தான் வைக்க வேண்டும். முன்பு ஆற்றில் பரவியது, இப்போது மூட்டையில் நிற்கிறது. அது நல்லதுதான், எங்கே இருக்கிறது என்று தெரியுமே. நிலத்துக்குள் போன பழைய உப்பு மட்டும் எந்தச் சவ்வுக்கும் அகப்படாது. பல வருட மழைதான் அதைக் கழுவ வேண்டும். இரவில் திருட்டுத்தனமாகக் கழிவைத் திறந்துவிட்டார்கள் என்ற செய்தியும் அவ்வப்போது வரத்தான் செய்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவ்வளவு செலவையும் கட்டுவது சாயப்பட்டறையும், ஜாப் ஒர்க் ரேட்டில் பங்கு கொடுக்கும் பனியன் கம்பெனியும். அந்தச் சட்டையை வெளிநாட்டில் விற்பவர், கழிவைச் சுத்தம் செய்யாத நாட்டில் நாலு காசு குறைவாகக் கிடைத்தால் அங்கே போய்விடுவார். தென்னந்தோப்பிலிருந்து கிளம்பிய பில் இப்போது பட்டறை வரை வந்திருக்கிறது. கடைக்கு இன்னும் போய்ச் சேரவில்லை.

*நம் வீட்டுக்கு வருவோம்*

பாடத்தைக் கேட்டுவிட்டு வீட்டில் ஒன்றாவது செய்ய வேண்டும் அல்லவா?

ஒன்று. திருமூர்த்தி அணைத் தண்ணீர் குழாயில் வருகிற வீட்டில் ஆர்.ஓ. எதற்கு என்று யோசியுங்கள். டி.டி.எஸ். மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது, அளந்து பாருங்கள். குடிநீருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது என்பது இந்தியத் தர நிர்ணயம். அதற்குக் கீழே இருந்தால் கொதிக்க வைத்துக் குடித்தாலே போதும். போர் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் ஆர்.ஓ. வேண்டும்தான். அப்போதும் ஒரு குடம் நல்ல தண்ணீருக்கு இரண்டு மூன்று குடம் வீணாகப் போகிறது. அதைப் பாத்திரம் கழுவ, வாசல் தெளிக்கப் பிடித்து வையுங்கள். செடிக்கு மட்டும் ஊற்றாதீர்கள். ஏன் என்று மேலே படித்துவிட்டீர்கள்.

இரண்டு. தோட்டம் உள்ள உறவுகள் வருடத்துக்கு ஒருமுறை கிணற்றுத் தண்ணீரையும் மண்ணையும் பரிசோதனைக்குக் கொடுங்கள். இலை நுனி கருகிய பிறகு கொடுப்பது தாமதம்.

மூன்று. சாயத் தொழிலில் இருக்கும் என் பிள்ளைகளுக்கு. உங்கள் நிலையத்தில் எவாப்பரேட்டர் உண்மையில் ஓடுகிறதா, கலப்பு உப்பு எங்கே போகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வேலைக்கும் அதுதான் காப்பு. 2011-இல் பூட்டுப் போட்டது நீதிமன்றம் என்றாலும், அதற்குக் காரணம் ஓடாமல் நின்ற அந்த மிஷின்கள்.

இதில் ஏதாவது விவரம் கூட்டிச் சொல்ல முடிந்தால் தயங்காமல் எழுதுங்கள். குறிப்பாக, இன்று ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு உப்பு போடுகிறீர்கள், குறைந்த உப்பில் ஏறும் சாயம் உங்கள் பட்டறைக்கு வந்துவிட்டதா என்று தெரிந்தவர்கள் சொன்னால் நானும் கற்றுக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
உடுமலைப்பேட்டை.